ஒரே வரியை மாற்றாமல் விட்டேன்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பாதி என் மேலாளர் குணாமீது, பாதி என்மீது.

சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். துவாஸ் விடுதித் தொழிலாளர்களின் மருத்துவ அறிக்கைகளை ஒரு கிளினிக்குக்காக இணையத்தில் வைத்திருந்தோம். ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அவரவர் லாகின் நம்பர்தான் அதன் பெயர்; அதற்கென்று தனி பாஸ்வேர்ட் ஃபைல். எல்லா ஃபோல்டரிலும் விதி ஒரே வரிதான்: பாஸ்வேர்ட் ஃபைலில் இருக்கும் யாராக இருந்தாலும் உள்ளே விடு. ஃபைலில் இருப்பதே ஒருவர்தான் என்பதால் சிக்கல் வரவில்லை.

ஆட்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். ஃபைல் உருவாக்கி மாளவில்லை. எல்லா பாஸ்வேர்டையும் ஒரே டேட்டாபேஸில் போடச் சொன்னார் குணா. யோசனை சரிதான். டெஸ்ட் செய்ய இரண்டு நாள் கேட்டேன்.

“லாகின் ஆகுதா?”

“ஆகுது.”

“அப்புறம் என்ன டெஸ்ட்? போட்டு விடு லா.”

போட்டுவிட்டேன், அந்த வரியை மாற்றாமலே. இப்போது பட்டியலில் எல்லாரும் இருந்தார்கள். எவர் பாஸ்வேர்டுக்கும் எவர் ஃபோல்டரும் திறந்தது.

அடுத்த வாரம் சுப்பையா என்ற தொழிலாளி அரை நாள் லீவு போட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பழைய காசநோய், முழுதும் குணமாகிவிட்டது என்று அவர் அறிக்கையில் இருந்தது. விடுதி அறையில் கூட இருந்தவர்கள் அதைத் திறந்து, காசநோய் என்ற வார்த்தையைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். கூட்டுச் சமையலிலிருந்து அவரை விலக்கிவிட்டார்கள்.

குணா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். அந்த ஆள்தான் யாருக்கோ பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பான், கிளினிக்குக்கு அப்படியே மெயில் எழுது என்றார். வெட்கம் கெட்டு நானும் எழுத உட்கார்ந்தேன்.

சுப்பையா தன் போனை என்னிடம் நீட்டினார். “இது என் பாஸ்வேர்ட், மேடம். ஃபோல்டருக்குப் பக்கத்து பெட்காரர் நம்பரைப் போட்டேன், திறந்துடுச்சு. நான் படிக்கல, உடனே மூடிட்டேன்.”

எழுதிய மெயிலை அழித்தேன். தவறு எங்களுடையது என்று குணாவைக் கேட்காமலே கிளினிக்குக்கு அனுப்பினேன். ஃபோல்டரின் பெயரும் லாகின் பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டும் விடு என்று விதியை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குணா ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இனி அவர் அறிக்கையை வேறு யாரும் திறக்க முடியாது என்று சுப்பையாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“சரிங்க மேடம்,” என்றார். “நான் இப்ப தனியாத்தான் சமைக்கிறேன்.”

இன்றைக்கும், “லாகின் ஆகிறது” என்று யாராவது என்னிடம் பெருமையாக வந்து நின்றால் எரிச்சல்தான் வருகிறது. உன் பாஸ்வேர்டை வைத்து அடுத்தவர் ஃபோல்டரைத் திறந்து பார், அது உன்னை விரட்டியடித்த பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன்.