திறப்பு விழாவுக்குக் காத்திருந்த தண்ணீர்

கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்திறங்கிய ஐயாமார், கொட்டகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சனத்துக்குத் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே குடம் தண்ணீரில் சோறாக்கி, மிச்சத்தில் பிள்ளைக்கு முகம் கழுவிவிடுகிற பெண்களுக்கு! காலநிலை மாறிவிட்டதாம், நாங்களும் மாற வேண்டுமாம். படம் போட்டுக் காட்டினார்கள். பங்குனியில் ஊற்று வற்றுவதைப் படத்தில் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சும்மா சொல்லக்கூடாது, ஒரு நீலத் தொட்டியும் தந்தார்கள். லயத்துத் தகரத்தில் விழுகிற மழை குழாய் வழியாக வந்து அதில் சேரும். ஐப்பசி மழைக்கே நிரம்பி வழிந்தது. ஆனால் யாரும் தொடக்கூடாது, பெரிய விருந்தாளி வந்துதான் திறக்க வேண்டும். தோட்டத்துச் சங்கத் தலைவர் குழாயில் சிவப்பு ரிப்பன் கட்டினார். எங்கள் சனம் சும்மா இருக்குமா? தொட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டது. அப்புறம் யார் கை வைப்பார்கள்? விருந்தாளிக்கோ இன்றைக்கு வேலை, நாளைக்கு வேலை. மார்கழி போனது, தையும் போனது.

பங்குனியில் ஊற்று வற்றியது. நிறைந்த தொட்டியைத் தாண்டி, பெண்கள் பள்ளத்து ஓடைக்கு இறங்கினார்கள். என் அக்காவும்தான். ஏறி வர நேரமாகி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனாள்.

"மறுபடியும் பிந்திட்டியா? அரைப்பேருதான் போடுவேன்" என்றார் கங்காணி. அரை நாள் சம்பளம் போச்சு.

அன்று மாலை, அக்கா தேயிலைச் செடி வெட்டுகிற தன் புருஷனின் கவ்வாத்துக் கத்தியோடு தொட்டியடிக்குப் போனாள். தலைவர் பதறி ஓடி வந்தார்.

"ஏம்மா, ஐயா வந்து தெறக்கணும்மா! நம்ம தோட்டத்து மானம் என்னாகுறது?"

"மானத்த நீங்க குடிங்க தலைவரே, புள்ளைகளுக்குத் தண்ணி வேணும்" என்று ரிப்பனை அறுத்தாள்.

லயமே குடத்தோடு வந்தது. கொஞ்ச நாளில் தொட்டி காலி. எங்கள் கெட்ட நேரம், விருந்தாளி வருகிற செய்தி அப்போதுதான் வந்தது. வெறும் தொட்டியை எப்படித் திறப்பது? தலைவர் கையைப் பிசைந்தார்.

"தண்ணி இல்லன்னா தொட்டியத் திருப்பிக் கொண்டுபோயிருவாங்க" என்றார்.

வேறு வழி? ஓடையில் மொண்டு, மேட்டில் சுமந்து, ஏணி வைத்து மழைத் தொட்டியை நாங்களே நிரப்பினோம். அக்கா வாய்க்குள் திட்டிக்கொண்டே ஊற்றினாள். அன்றைக்கும் அவளுக்கு அரைப்பேர்.

விருந்தாளி புது ரிப்பனை வெட்டி, குழாயைத் திறந்து, ஒரு மிடறு குடித்தார். மழைத் தண்ணீரின் ருசியே தனி என்றார். கை தட்டினோம், போட்டோ எடுத்தார்கள். சிக்கனத்தைக் கைவிடக்கூடாது என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்.

வாகனம் ரோட்டு முடக்கில்கூடத் திரும்பவில்லை, அக்கா குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

"என்னம்மா அவசரம்?" என்றார் தலைவர்.

"நான் சொமந்தத நான் கொண்டுபோறேன். நீங்க ரிப்பன எடுத்துக்கங்க."