கடை பூட்டியிருந்த நாளில் வந்தவர்

இது நடந்து இரண்டு வருடமாகிறது. வைகாசி மாதம். புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், ஒரு சந்தியில் நான் சின்னதாக ஒரு புடவைக்கடை நடத்துகிறேன். சேலை, சட்டைத்துணி, லைனிங், பள்ளிக்கூட வெள்ளைத்துணி, நூல், பொத்தான் எல்லாம் என்னிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகூடப் பூட்டுவதில்லை. ஆனால் எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு மட்டும் இரண்டு நாள் பூட்டிவிடுவேன். சந்தியில் இருக்கிற மற்றக் கடைக்காரர்களும் அப்படித்தான்.

பூட்டுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே கதவில் 'கடை பூட்டு' என்று மட்டையில் எழுதித் தொங்கவிடுவேன். யாரும் வாசிப்பதில்லை. வருகிறவர்கள் மட்டையை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தட்டுவார்கள். கடைப் பெயர்ப்பலகையில் என் தொலைபேசி இலக்கம் இருப்பதால் அழைப்பும் வரும். ஒரு வருடம் ஒருத்தி எடுத்து, "அம்மாளுக்கு லைனிங் தேவையில்லை அக்கா, எனக்குத்தான் தேவை. நாளைக்குக் கலியாணம்" என்றாள். சிரித்துவிட்டேன், ஆனால் கடையைத் திறக்கவில்லை. இன்னொருவர், "இப்பிடிப் பூட்டினால் நாங்கள் வேற கடை பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவரே வந்து திரைச்சீலைக்குத் துணி எடுத்தார். இதெல்லாம் வியாபாரத்தில் இருக்கிறதுதான் என்று பழகிவிட்டேன்.

நான் சொல்ல வந்த அந்தப் பொங்கலில் மட்டும் எனக்குப் பொறுமை குறைவாக இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் என் கணவர் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அம்புலன்சில் அவருக்குப் பக்கத்தில் இருந்து போகும்போது, "அம்மாளே, இவரை எனக்குத் திருப்பித் தா. காப்புக் கட்டி விரதம் இருந்து உன்ர வாசலில பொங்கிறன்" என்று நேர்ந்துகொண்டேன். அவர் பிழைத்து வந்தார். அந்த நேர்த்தியைத்தான் அன்று நிறைவேற்றிக்கொண்டிருந்தேன்.

கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் கட்டுப்பாடு கடுமை. மச்சம், மாமிசம் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. அங்கிருந்து வருகிறவர்களைத் தொடவும் கூடாது. தொட்டால் துடக்கு, அந்தத் தீட்டில் நேர்த்தி பழுதாகிவிடும் என்பார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. காப்புக் கட்டியிருந்த எட்டு நாளும் ஒரு மரணச் செய்தி காதில் விழுந்தாலே அந்தப் பக்கம் போகாமல் திரிந்தேன்.

பொங்கலன்று காலையிலேயே கோயில் வீதியில் கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டோம். என்னைச் சுற்றி நூறு அடுப்பாவது இருக்கும். கண் திறக்க முடியாத புகை. அந்தப் புகைக்குள்ளும் ஒரு பெண் என்னைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, அஞ்சு நிமிசம் திறந்தாப் போதும். ஒரு சட்டைத்துணிதான்."

"தங்கச்சி, நான் காப்போட நிக்கிறன், கண் தெரியேல்லையோ?" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனாள். அதற்குள் தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. அதை நிறுத்தி இடுப்பில் செருகிக்கொண்டு கணவரிடம் சொன்னேன், "இனி ஆர் வந்தாலும் நான் இந்த இடத்தை விட்டு அசையன்."

சொல்லிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. கோயில் வாசலில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் காவல் பார்க்கிற அண்ணர் வந்தார்.

"பிள்ளை, றோட்டில ஒரு நானா நிக்கிறார். உன்ர கடையில துணி எடுக்க வேணுமாம்."

"கடை பூட்டு எண்டு சொல்லுங்கோ அண்ணை."

"சொன்னனான். உன்னை ஒருக்காப் பாக்கேலுமோ எண்டு கேக்கிறார். உள்ளுக்க வரச்சொன்னால் வரமாட்டாராம்."

எழுந்து பார்த்தேன். வீதிக்கு அந்தப் பக்கம், வாகை மரத்தின் கீழ், வெள்ளைத் தொப்பியும் சாரமுமாக அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் பெரியவர் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடையில் எப்போதாவது கண்ட முகமாக இருக்கலாம், நினைவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்த காலம். பெருநாள் உடுப்புக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அதற்கு இன்னும் எத்தனை நாள் கிடக்கிறது, இன்றைக்குத்தானா வரவேண்டும் என்று எரிச்சல் வந்தது.

ஐம்பது அடி நடந்து போய் என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே கையை உயர்த்தி 'இல்லை' என்று ஆட்டினேன். பிறகு 'நாளைக்கு' என்பதுபோல் விரலால் காட்டினேன்.

அவர் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தார். பிறகு வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, மோட்டார் சைக்கிளை உதைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழப்படி பண்ணாமல் போன ஒரே ஆள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் சொன்னால், நான் இறுக்கமாக நின்றேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அரை மணித்தியாலம் கழித்து சைக்கிள் காவல் அண்ணர் தண்ணீர் குடிக்க எங்கள் பக்கம் வந்தார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"உனக்குச் சொல்லக் கூடாதுதான் பிள்ளை. எண்டாலும் மனம் கேக்குதில்லை. அந்த நானான்ர மனுசி விடியப்புறம் மோசம் போட்டாவாம். கபன் புடவைக்குத்தான் வந்தவர்."

கபன் என்பது அவர்கள் இறந்தவரைப் போர்த்தி அடக்குகிற வெள்ளைத் துணி. அன்றன்றே அடக்கிவிட வேண்டும் என்று பார்ப்பார்கள். வழக்கமாகப் பள்ளிவாசலில் ஒரு கட்டு இருக்குமாம், அது போன கிழமை இன்னொருவருக்கு எடுபட்டுவிட்டதாம். அவர்களுக்குத் தெரிந்த கடைக்காரர் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய்விட்டாராம். அண்ணர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அப்ப ஏன் அதை முதலே சொல்லேல்லை?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"எனக்கும் அவர் போகேக்கதான் சொன்னவர். 'வேற எந்தக் கடை திறந்திருக்கும்' எண்டு கேட்டார். ஆருக்கு எண்டு நான் கேட்டனான். உன்னட்டைச் சொல்ல வேண்டாம் எண்டவர். 'கை ஆட்டின நேரம்தான் கண்டன், அந்தத் தங்கச்சி காப்புக் கட்டியிருக்கிறா. சாவு வீட்டில இருந்து வந்து அவட முன்னால நான் நிக்கக் கூடாது' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

கையிலிருந்த அகப்பையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பானையில் பால் இன்னும் பொங்கவில்லை. விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. கணவரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"காப்போட சாவுப் புடவை வெட்டப் போறியோ?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுசனின் உயிருக்காக நேர்ந்த நேர்த்தி. பாதியில் விட்டுப் போய், நாளைக்கு இவருக்கு ஒன்று என்றால் என் மனம் என்னைச் சும்மா விடுமா? அம்மன் தண்டிப்பாள் என்பதைவிட, தண்டித்தாள் என்று நான் நினைத்துக்கொள்வேனோ என்பதுதான் பயம்.

அவர் என் கையிலிருந்து அகப்பையை வாங்கினார். "எனக்கு ஒண்டும் நடவாது. நீ போட்டு வா. பானையை நான் பாக்கிறன்" என்றார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கதவைப் பாதிகூடத் தூக்கவில்லை, "திறந்திட்டீங்களோ அக்கா?" என்று பின்னால் குரல். காலையில் புகைக்குள் என்னைத் தேடிப் பிடித்த அதே பெண். வீட்டுக்குப் போகிற வழியில் கண்டுவிட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. ஒரு சாவு வீட்டுக்கு வெள்ளைத்துணி எடுக்க வந்தனான்."

அவள் என் கைக் காப்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, மேல்தட்டிலிருந்த வெள்ளைப் பருத்தித் துணிக் கட்டை இறக்க ஒரு பக்கம் பிடித்தாள். எத்தனை யார் துணி வேண்டுமென்று எனக்குத் தெரியாது. வெட்டாமல் கட்டாகவே எடுத்து ஸ்கூட்டியின் முன்பக்கம் வைத்தோம். கத்தரிக்கோலை அவளே எடுத்துத் தந்தாள். தனக்கு வேண்டிய சட்டைத்துணியைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கை என்று அண்ணர் சொல்லியிருந்தார். இடம்பெயர்ந்து எங்கெங்கோ இருந்துவிட்டுத் திரும்பி வந்த கொஞ்சக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பூச்சு முடியாத ஒரு வீட்டு முற்றத்தில் தறப்பாள் கட்டி, கதிரைகளில் ஆண்கள் இருந்தார்கள். வேலியோரம் அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. முல்லைத்தீவு வரை போய், அங்கும் கடைகள் பூட்டியிருக்க, ஒன்றும் கிடைக்காமல் அப்போதுதான் திரும்பியிருக்கிறார்.

என்னைக் கண்டதும் எழுந்து வேகமாக வேலிப் படலைக்கு வந்தார். வந்தவர் நான்கு முழம் தள்ளியே நின்றுகொண்டார்.

"தங்கச்சி, உள்ளுக்க வந்திராதீங்க. நீங்க விரதக்காரி."

"ஏன் நானா என்னட்டைச் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க எழும்பி வந்திருப்பீங்க" என்றார். அவருடைய குரல் மிக மெல்லியதாக இருந்தது. "எத்தினை நாள் விரதமோ, என்ன நேத்தியோ. என்ர துக்கத்தைக் கொண்டுவந்து அதுக்குள்ள போடுறது சரியில்லைத்தானே."

உங்களைப் பெருநாள் உடுப்புக்கு வந்தவர் என்று நினைத்துக் கைகாட்டி அனுப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

"அதில மன்னிக்க என்ன இருக்கு? உங்கட பொங்கலுக்குக் கடை பூட்டுறது எங்களுக்குத் தெரியாதா? அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். தையலுக்கு உங்கட கடையிலதான் லைனிங் எடுக்கிறவள். பொங்கல் வருது எண்டா முன்னுக்கே வந்து வாங்கி வச்சிருவாள்."

அப்போதுதான் அவரின் மனைவி யாரென்று எனக்குப் பிடிபட்டது. முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, நிறம் சரியென்றால் மட்டும் சிரிக்கிற அம்மா. போன கிழமைகூட வந்திருந்தா. பொங்கலுக்கு எத்தனை நாள் பூட்டு என்று என்னிடம் கேட்டவர்களில் அவாவும் ஒருவர்.

ஒரு கதிரையைக் கொண்டுவந்து எங்களுக்கு நடுவில் வைத்தார். என் கை அவர் கையில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். துணிக் கட்டை அதில் வைத்தேன். உள்ளே இருந்த பெண்களிடம் கேட்டுவந்து அளவு சொன்னார். வேலியோரத்தில் நின்றபடியே அந்த அளவுக்கு அளந்து வெட்டிக் கொடுத்தேன். மேசை இல்லாமல் வெட்டியதால் ஒரு வெட்டு கோணலாகப் போயிற்று. திரும்ப வெட்டப் போனேன். "பரவாயில்லை தங்கச்சி, அவள் இருந்தாத்தான் குறை சொல்லுவாள்" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். விலையைக் கேட்டுக் கதிரையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லி அவரை இன்னும் சங்கடப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவர் விடமாட்டார் என்று தெரியும். படலையில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்று பின்னேரத் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள் என்று அறிந்தேன்.

கோயிலுக்குத் திரும்பி, உள்ளே போகாமல் வாசலில் நின்று பூசாரியாரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். காப்பை அவிழ்க்கச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கோயில் கேணிப் பக்கம் கை காட்டினார். "கேணியில தோய்ஞ்சிட்டு வா பிள்ளை. படைக்க நேரமாகுது" என்றார். அவ்வளவுதான். தலை ஈரத்தோடு அடுப்படிக்குப் போனபோது என் கணவர், முகமெல்லாம் கரியாக, பொங்கிய பானைக்குச் சர்க்கரை போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார்.

கணவர் இப்போதும் நல்ல சுகமாக இருக்கிறார், வயலுக்கும் போகிறார். அந்த நானா இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மகளுக்குத் துணி எடுக்கக் கடைக்கு வருவார். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

பொங்கலுக்கு நான் இன்றைக்கும் கடையைப் பூட்டுகிறேன். பூட்டுவதில் பிழையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒருவர் நின்றால், எத்தனை வேலை இருந்தாலும் அவருக்குப் பக்கத்தில் போய் என்ன தேவை என்று கேட்டுவிட்டுத்தான் இல்லை என்கிறேன். விரதம் இருந்தது நான். ஆனால் மனைவியை இழந்த அந்தக் காலையில், கடைக்காரி என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத என்னுடைய விரதம் கெடாமல் பார்த்துக்கொண்டவர் அவர் என்பதை நினைக்கும்போது, என் பக்தியை நான் இன்னும் எவ்வளவோ பழக வேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.