சைரன் சிஸ்டர் டீச்சரான கதை

வார்டில் அவளுக்குச் சைரன் சிஸ்டர் என்று பெயர். குரல் அப்படி. இந்தக் கோடியில் அவள் பேசினால் அந்தக் கோடியில் குறட்டை விடுகிறவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அறுவை சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸாகப் பாதி ஆயுளைக் கழித்தவள், மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, நர்ஸ்களுக்குப் பாடம் சொல்லித்தருவதற்கான மேல்படிப்பில் சேர்ந்தாள். திருச்சபை நடத்தும் கல்லூரி அது. செய்தி கேட்டு நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் ஓட்டும் கணவர் மட்டும், "நீ படிம்மா, அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்டதில் பாதிப் பாத்திரங்கள் அடிப்பிடித்துப் போயின. ஆனால் ஒரு நாளும் அவர் முகம் சுளிக்கவில்லை.

புத்தகப் படிப்பு எப்படியோ ஓடிவிட்டது. பயிற்சிக்காக அவளிடம் விட்ட நர்ஸிங் மாணவிகளுக்குச் சொல்லித்தருவதில்தான் வண்டி நின்றது. மாணவி ஒருத்தி ஊசியை எடுத்துத் தடுமாறினால் போதும், "நகரு, நான் போடறேன்" என்று பிடுங்கிக்கொள்வாள். நோயாளிக்கு வலிக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் மாணவிகள் கற்றுக்கொண்டது நகர்வதை மட்டும். அவர்களில் பயந்த பெண் ஒருத்தி. தோழிகள் அவளைப் பூனை என்பார்கள். சைரன் சிஸ்டர் தலை தெரிந்தாலே அவள் ட்ரேயைக் கீழே வைத்துவிடுவாள்.

இதைக் கவனித்த பேராசிரியை, இவளைவிட வயதில் சின்னவர், தனியே அழைத்துக் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்பில், இயேசு சீடர்களை இருவர் இருவராக அனுப்பிய பகுதியை வாசித்துவிட்டுப் பொதுவாகப் பேசினார். சீடர்களுக்கு இன்னும் எதுவும் சரியாகப் பிடிபடவில்லை, அது இயேசுவுக்கும் தெரியும், இருந்தும் நம்பி அனுப்பினார், ஆசிரியரின் அன்பு அதுதான் என்றார். சைரன் சிஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பழகின கை சொன்ன பேச்சைக் கேட்குமா?

கேட்க வைத்தது அவள் வயிறு. ஒரு மத்தியானம் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தாள். குடல்வால் வீங்கியிருந்தது. தான் அதிகாரம் செய்த அதே வார்டில் நோயாளியாகப் படுத்தாள். ட்ரிப்ஸ் ஏற்ற வந்து நின்றது பூனை. பின்னால் பொறுப்பு நர்ஸ்.

"மேடம், வேற யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றாள் பூனை.

இவள் கையை நீட்டினாள். முதல் குத்து நரம்பில் இறங்கவில்லை. "நகரு" தொண்டைவரை வந்துவிட்டது. கண்ணை மூடி, ஆண்டவரே என்று ஒரு தரம் சொல்லி, அதை விழுங்கினாள்.

"பரவால்லம்மா. நரம்பு எங்கயும் ஓடிடாது. கொஞ்சம் கீழ தடவிப் பாரு."

அவள் இத்தனை மெதுவாகப் பேசி அந்த வார்டு கேட்டதில்லை. பூனை தடவிப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இம்முறை ஊசி சரியாக இறங்கியது. பிளாஸ்டரை ஒட்டியதும் பொலபொலவென்று அழுதாள்.

"நீ ஏம்மா அழற? குத்து வாங்கினது நான்."

பொறுப்பு நர்ஸுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இவளுக்குத்தான் வயிறு பிடுங்கியது.

தையல் ஆறித் திரும்பியவள், அதன்பின் இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டே பாடம் நடத்தினாள். சில சமயம் ஒரு கை தானாக வெளியே வரும். மாணவிகள் அதைப் பார்ப்பார்கள். அவள் அசடு வழிந்து உள்ளே விட்டுக்கொள்வாள். பட்டம் வாங்கிய அன்று கணவர் வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு ஓடிவந்து கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். அந்தக் கல்லூரியே அவளை ஆசிரியையாக எடுத்துக்கொண்டது.

இப்போதும் புதுப் பிள்ளைகளை வார்டுக்கு அழைத்துப்போனால் யாராவது ஒரு பெரியவர் சந்தேகமாகக் கேட்பார், இதுகளுக்கு ஊசி போடத் தெரியுமா என்று. "கத்துக்கிட்டு இருக்காங்கய்யா. நான் இங்கயேதான் நிக்கறேன்" என்பாள். அவரும் முனகிக்கொண்டே கையை நீட்டுவார். அப்படிக் கை நீட்டியவர்களுக்காக, வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் நன்றி சொல்லி ஜெபிக்கிறாள். பெயர் தெரியாதவர்களைக் கட்டில் எண்ணைச் சொல்லி நினைத்துக்கொள்கிறாள்.