ஐஸ் மீன் போட்ட வலை

திரைக் கலைஞர்களைப் பற்றிய நினைவுகளைத் திரட்டும் ஐயா, அம்மா, தங்களுக்கு என் பணிவான வணக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, துறைமுகத்தில் மூட்டை சுமந்தபடியே எழுத்துக் கற்றவன் நான். பிழை இருப்பின் பொறுத்தருள்க. என் தங்கை இன்று திரைப்படங்களை இயக்குவதோடு தானே தயாரிக்கவும் செய்கிறாள். அவளது உயர்வு எங்கே தொடங்கியது என்று பலர் கேட்கின்றனர். திருவொற்றியூர்க் கடற்கரையில் என்பேன். நான் உடனிருந்தேன்.

அப்போது அவளுக்கு வயது பத்து, எனக்குப் பதின்மூன்று. கரைவலை இழுக்கும் காட்சியை எடுக்க ஒரு படக்குழு வந்தது. பத்து நாளாக மீன் படாத நேரம். குழு தரும் கூலியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். மீன் கிடைக்காவிட்டால் காட்சி கெடும் என்று அஞ்சிய குழுவினர், சந்தையில் வாங்கிய ஐஸ் மீனை வலைக்குள் போட்டு வைத்தனர். கேமரா ஓடியது. நாங்கள் நைனா என்றழைக்கும் எங்கள் அப்பாவும் மற்றவர்களும் மூச்சுவாங்க இழுத்தனர். வலை கரையேறியதும் தங்கை சிரித்துவிட்டாள்.

"ஒண்ணுகூட துள்ளல பாரு. செத்த மீனுக்கா இம்மாம் பேரு இஸ்துகினு கீறீங்க?"

படப்பிடிப்பு நின்றது. நைனாவின் முகம் வெளிறியது. கூலி போயிற்று என்றே நானும் எண்ணினேன். இயக்குநரோ அவளருகில் வந்து குந்தினார்.

"நீயா இருந்தா எப்படிம்மா எடுப்பே?"

"வலைய மெய்யாலுமே கடல்ல வுடு சார். இழுக்கசொல்லோ எங்க நைனா மூஞ்சிய எடு."

"மீனே வரலேன்னா?"

"அப்பவும் மூஞ்சியத்தான் எடு. மீன்ல இன்னா கீது?"

படகு வலையோடு கடலுக்குள் போயிற்று. உச்சிவெயிலில் வலை வந்தது: நான்கு நண்டு, ஒரு கூடைப் பாசி. நான் தலைகுனிந்தேன். கூலி குறையாமல் கைக்கு வந்தது. ஆயினும் வீடு சேர்ந்ததும் தங்கையின் தலையில் குட்டினேன். காலி வலையோடு நைனாவை ஊரே பார்க்கும்படி செய்துவிட்டாளே என்று.

பிறகு அவள் பதினோரு ஆண்டுகள் உதவி இயக்குநராக அலைந்தாள். முதல் படம் பாதியில் நின்றது, இரண்டாவது ஓடியது, அதன்பின் சொந்தமாகத் தயாரிக்கத் துணிந்தாள். போன மாதம் எண்ணூரில் அவள் எடுத்த கரைவலைக் காட்சியில் நானும் கயிறு பிடித்தேன். ஐஸ் மீன் வாங்கி வரட்டுமா என்று கேட்ட தயாரிப்பு மேலாளரிடம் வேண்டாம் என்றாள். வலை காலியாகவே வந்தது.

"நாளைக்குப் போட்டா வருது" என்றேன், என்னை அறியாமல். கேமரா என் முகத்தின் மேல் இருந்தது.

"அன்னிக்கு நைனாவும் இதாண்ணே சொன்னாரு. சிரிச்சிகினே சொன்னாரு" என்றாள் தங்கை.

அன்று நான் வலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா சிரித்ததைப் போன மாதம்தான் அறிந்தேன்.

இதைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.