துரைசாணிக்கு இங்கிலீஷ் தெரியும்

அந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் ஆயா வேலை பார்த்தவளுக்குத் துரைசாணி என்று பெயர் வைத்ததே மற்ற ஆயாக்கள்தான். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள், வாயைத் திறந்தால் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவாள். அது ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. அவமானப்பட்டுக் கற்றது.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த தெருக்களிலெல்லாம் இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்ட ஆங்கிலோ-இந்தியர்கள்தான். பால்காரனோடும் அதுதான், வளர்க்கும் நாயோடும் அதுதான். வார்டும் அவர்கள் கையில்தான் இருந்தது. வார்டின் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் ஒரு சட்டமே போட்டிருந்தார்: எதையும் இங்கிலீஷில் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் காதில் விழாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து சொன்ன அன்று, இவள் கையைப் பிசைந்துகொண்டு அவர் மேஜைமுன் போய் நின்றாள்.

"சிஸ்டர், நான் வீட்டுக்குப் போகணும்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இங்கிலீஷ்ல சொல்லு." அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.

பாவம், இவளுக்கு வாய் வரவில்லை. டியூட்டி முடிகிறவரை வாசலைப் பார்த்துப் பார்த்துத் தரை துடைத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே எழுந்து விளையாடினான். ஆனால் இவள் மனசு ஆறவில்லை. அந்த வைராக்கியத்தில்தான் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கி இங்கிலீஷைப் பிடித்தாள்.

இவள் கற்று முடிப்பதற்குள் ஊரே மாறிப்போயிற்று, அதுதான் வேடிக்கை. அந்தத் தெருக்களின் பிள்ளைகள் வெளிதேசம் போனார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். தோட்டம் வைத்த வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பினார்கள், நாலாபக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த ஜனம் அதில் குடியேறியது. அதற்காக ஊரில் இங்கிலீஷ் ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துரைசாணியின் மகனே கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க இங்கிலீஷில்தான் சம்பாதிக்கிறான். ஆனால் சாயங்காலம் செருப்போடு அதையும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். அதிலேயே பிறந்து, அதிலேயே அழுகிற ஆட்கள்தான் அருகிப்போனார்கள். வார்டில் காலையில் வருகிற டாக்டர் நாலு வார்த்தை பேசினால் உண்டு, மற்றபடி எல்லாம் தமிழ்தான்.

அப்படிப்பட்ட வார்டுக்குத்தான் ஒருநாள் ஒரு வயசான அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். காய்ச்சல், தலைசுற்றல், தனியாக எழுந்திருக்கவே கூடாது. துரைசாணி பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். பெரிய சிஸ்டர்! அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் சிஸ்டர் கையைக் காட்டி ஏதோ சொல்ல, புதிதாகச் சேர்ந்த ஆயாப் பெண் விழித்தாள்.

"அக்கா, இந்தம்மா என்னமோ கேக்குறாங்க. எனக்கு ஒரு மண்ணும் புரியல. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடாச்சே, வாங்களேன்."

சிஸ்டர் பழைய காலத்து மனுஷி. சில சங்கதிகளை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கொஞ்சம் எழுப்பிவிட முடியுமா, தயவுசெய்து, அவசரம் என்று இங்கிலீஷில் நாசூக்காகக் கேட்டார். துரைசாணிக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. அந்தப் பழைய மேஜை கண்முன் வந்து நின்றது.

"அது ஏதோ பழங்கதை பேசுது. நீ போ, தானா தூங்கிடும்."

சொல்லிவிட்டுத் திரும்பியும் பாராமல் போனாள். சீ, என்ன பெண் இவள்!

திரும்பி வந்தபோது படுக்கை நனைந்திருந்தது. சிஸ்டர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். துரைசாணி விரிப்பை உருவினாள். அப்போது அவர் இங்கிலீஷில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, கேட்டார்: "நான் சொன்னது சரியாக வரவில்லையோ? பேச்சே குழறிவிட்டதோ எனக்கு?"

துரைசாணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இல்லை சிஸ்டர், நன்றாகத்தான் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் குட்டு உடைந்துவிடுமே! ஊமைபோல விரிப்பை மாற்றிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை, வார்டு முழுக்க ஆட்கள் இருக்கும் நேரம். சிஸ்டர் துரைசாணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, உரக்கச் சொன்னார்:

"அம்மா, ஒண்ணுக்குப் போகணும்."

இரண்டு மூன்று பேர் களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி, "நான்தான் சொல்லிக் குடுத்தேன். காலையிலேருந்து வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றாள் பெருமையாக.

துரைசாணி ஓடிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினாள். நடத்திக்கொண்டு போகையில் அவளால் தாங்க முடியவில்லை. "இங்கிலீஷிலேயே சொல்லுங்கள் சிஸ்டர், எனக்குப் புரியும்" என்று இங்கிலீஷிலேயே கெஞ்சினாள்.

சிஸ்டர் நின்றார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நேற்றும் புரிந்ததா?"

துரைசாணி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தட்டுத்தடுமாறித் தமிழில், "பரவால்லம்மா. நான் கத்துக்கறேன்" என்றார்.

வீட்டுக்குப் போகிறவரை அவர் அவளிடம் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசவில்லை. தண்ணி, போர்வை, வலி, எல்லாம் தமிழில்தான் கேட்டார். ஒவ்வொரு தடவையும் துரைசாணி கூனிக் குறுகினாள்.

அவர் போன பிறகு கட்டிலைத் துடைத்துக்கொண்டே புது ஆயா கேட்டாள், "அந்தம்மா நல்லாத் தமிழ் பேசக் கத்துக்கிட்டாங்களே! நீங்கதானே அக்கா காரணம்?"

துரைசாணி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.