மெஷின் அக்காவின் பதினான்கு நாள்

மெஷின் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். துணி துவைக்கும் மெஷின் பழுது பார்க்கும் கடை. பழுது பார்ப்பவர் அவள் கணவர். போன் எடுப்பது, நாள் குறிப்பது, பில் போடுவது, கத்துகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் அவள். மோட்டார் சத்தத்தை ஒருமுறை கேட்டால் அவருக்கு மறக்காது; மனிதர் பெயர் மட்டும் வாசல் தாண்டுவதற்குள் மறந்துவிடும். அதனால் வாடிக்கையாளர் நோட்டில் பெயரே கிடையாது. அவர் வந்து சொல்லும் அடையாளத்தைத்தான் எழுதுவாள். 'ரெண்டு பூனை வீடு', 'லிப்ட் இல்லாத நாலாம் மாடி', 'விடாமப் பேசுறவர்'. அப்படிச் சொன்னால்தான் மனுஷன் சரியான வீட்டுக்குப் போய்ச் சேருவார்.

இந்தப் பிழைப்பில் மண் விழப் பார்த்தது பெண்கள் விடுதியால். பதினெட்டு மெஷின், வருட ஒப்பந்தம். கடை வாடகையே அதில்தான் ஓடியது.

"எந்த மெஷினை எப்போ பார்த்தீங்க, என்ன மாத்தினீங்க, எல்லாம் இனிமே கம்ப்யூட்டர்ல வேணுமாம்" என்றார் விடுதி மேலாளர் அம்மா போனில். "மாசக் கடைசிக்குள்ள தரலன்னா நிர்வாகம் வேற ஆளைப் பார்த்துடுவாங்க."

அன்று முதல் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணினி தெரிந்த தம்பியைப் பிடித்தாள். அவன் ஒவ்வொரு மென்பொருளாகக் காட்டக் காட்ட அவளுக்கு முழி பிதுங்கியது. இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த மென்பொருள் ஐம்பது வாடிக்கையாளரோடு நின்றுவிடும். இவளிடம் இருந்ததோ முந்நூறு பேர். ஒன்று பில்லை அழகாகப் போட்டது, ஆனால் அதற்கு வாடிக்கையாளர் என்றால் யார் என்றே தெரியாது. இன்னொன்றின் மாதக் கட்டணத்தில் கடைக்கு இரண்டாவது மின்விசிறியே வாங்கிவிடலாம்.

"மாமாவும் போன்ல பார்க்கணும்னா அதுக்குத் தனிக் காசுக்கா."

"உங்க மாமா போன்ல பேசவே யோசிப்பாரு. விடு."

கடைசியில் கணக்கும் வாடிக்கையாளரும் சேர்ந்த ஒன்று கைக்கு அடக்கமான விலையில் கிடைத்தது. முதல் பதினான்கு நாள் சும்மா. பதினைந்தாம் நாள் அதுவாகவே காசை உருவிவிடுமா என்று தம்பியிடம் நாலு தடவை கேட்டாள்.

ஒன்பது நாள் உட்கார்ந்து நோட்டை அப்படியே ஏற்றினாள். 'பெயர்' என்ற கட்டத்தில் நோட்டில் இருந்ததையே அடித்தாள். வேறு எதை அடிப்பாள், பாவம். பத்தாம் நாள் காலை திரையில் ஒரு கேள்வி வந்தது: 'சர்வீஸ் நினைவூட்டல் அனுப்பலாமா?' தனக்குத்தான் நினைவூட்டப் போகிறது என்று நம்பி, சரி என்று அழுத்தினாள்.

ஒரு நிமிடத்தில் போன் அடித்தது.

"'வணக்கம் விடாமப் பேசுறவர்'னு வந்திருக்கே, யாரும்மா அது?" என்று கேட்டவர், அதற்கப்புறம் இருபத்தைந்து நிமிடம் விடவில்லை.

பேச்சின் நடுவிலேயே அக்காவுக்கு விடுதி ஞாபகம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் முதல் நாள் அங்கே போய்விட்டு வந்த கணவர், "மெஷின் பக்கத்துல நின்னு ஒரு அம்மா அழுதுட்டே இருந்தாங்க. அவங்கதான் மேலாளராம்" என்று சொன்னார். அவள் எழுதியது 'அழுத அம்மா'. அந்த எண் அலுவலக மேசையில் கிடக்கும் போனுடையது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிப்பார்கள்.

மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பதினெட்டு மெஷினின் பட்டியலையும் அடுத்த வருட ஒப்பந்தத்தையும் அச்செடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நானும் வரட்டுமா?" என்றார் கணவர்.

"வேண்டாம். வந்தா இன்னொரு பேரு வச்சுட்டு வருவீங்க."

விடுதி அலுவலகத்தில் மேலாளர் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்தவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, இந்தப் பக்கம் தள்ளினார். செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று அப்போதே ஓடி வந்திருக்கலாம். அக்கா எழுந்தும்விட்டாள்.

"அன்னைக்கு என்னை யாரும் பார்க்கலன்னு நினைச்சிருந்தேன்" என்றார் மேலாளர்.

"மன்னிச்சிடுங்க மேடம். அடையாளத்துக்காக எழுதினது, தெரியாம..."

"காலையில இங்க எல்லாரும் படிச்சாங்க. சிரிச்சாங்க. எதுக்கு அழுதீங்கன்னு ஒருத்தர் கேக்கல."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. 'அழுத அம்மா கூப்பிட்டாங்க, போயிட்டு வாங்க' என்று எத்தனை முறை கணவரை அனுப்பியிருப்பாள். எதற்கு அழுதார் என்று அவளுக்கும் தோன்றியதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை. கையெழுத்தான காகிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்ன ஆச்சு மேடம்?"

மேலாளர் எழுந்து போய், கதவைச் சாத்திவிட்டு வந்தார்.