ஐந்து கைக் கார்பன்

பள்ளிச் சீருடை தைத்தே பதினேழு வருடம் ஓட்டியவள் அவள். கடை சின்னது. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் முழுக்கத் தொங்கும் சாம்பல் நிறக் கால்சட்டைகள். மேசைக்கு அடியில், வெட்டி மிஞ்சிய துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். உள்ளங்கை அகலத் துண்டைக்கூடத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது.

அவளுடைய அக்கா இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பள்ளி விட்டதும் நேராகத் தங்கை கடைக்கு வந்து, வெட்டு மேசையின் ஓரத்தில் விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு திருத்துவாள். வீட்டில் திருத்தினால் வாய்விட்டுப் புலம்ப வேண்டியிருக்கிறது, இங்கே மெஷின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது என்று காரணம் சொல்வாள்.

அப்படி ஒரு மாலை, அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். தண்ணீரின் மூலக்கூறை வரையச் சொன்னால் ஒருவன் ஆக்சிஜனைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் போட்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவன் தாராள மனசுக்காரன், ஏழு போட்டிருந்தான். அதில் என்ன தப்பு என்று தங்கை கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே அவளுக்குத் தெரியாது.

அக்கா பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொரு அணுவுக்கும் இத்தனை கை என்று கணக்கு இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று, கார்பனுக்கு நான்கு. ஒரு கை இன்னொரு கையைத்தான் பிடிக்க முடியும். எந்தக் கையும் சும்மா இருக்கக் கூடாது.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை அழுகை?" என்றாள் தங்கை.

"இதேதான் நானும் வருஷா வருஷம் சொல்றேன். காதுல விழுது, கையில வரல."

அந்த வாரமே தங்கை மிச்சத் துணியில் பந்துகள் தைத்தாள். உள்ளே பஞ்சு. வெள்ளைச் சட்டைத் துணி ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன், நீலம் நைட்ரஜன், கறுப்பு கார்பன். கைக்குப் பதிலாகப் பிரஸ் பட்டன். முதல் நாளே வேலை நின்றுவிட்டது. பிரஸ் பட்டனில் ஒரு பாதி குமிழ், மறு பாதி குழி. ஹைட்ரஜனுக்குக் குமிழும் ஆக்சிஜனுக்குக் குழியும் வைத்தால் தண்ணீர் அழகாக வந்தது. ஆனால் ஹைட்ரஜன் இன்னொரு ஹைட்ரஜனோடு சேர மாட்டேன் என்றது. குமிழும் குமிழும் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு எல்லா அணுவுக்கும் குழியை மட்டும் தைத்தாள். குமிழ்களை விரல் நீள நாடாத் துண்டுகளின் இரண்டு முனையிலும் வைத்தாள். நாடா இந்தப் பக்கம் ஓர் அணுவைப் பிடிக்கும், அந்தப் பக்கம் இன்னோர் அணுவைப் பிடிக்கும்.

அக்கா அந்த நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "இதுக்குப் பேர் பிணைப்பு. பாடத்துல வெறும் கோடு போட்டுட்டுப் போயிடுவாங்க. நீ அதைத் தைச்சே வச்சிட்ட" என்றாள்.

வகுப்பில் அது எடுபட்டது என்று சொன்னால் போதாது. பந்துகள் படாத பாடுபட்டன. பட்டன் பிய்ந்தது, பஞ்சு வெளியே வந்தது. தைத்துக் கொடுக்கத் தங்கை வியாழக்கிழமை மதியங்களில் ஊசியும் நூலுமாகக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. கடை வாசலில் "வியாழன் மதியம் விடுமுறை" என்று அட்டை தொங்கியது. பிள்ளைகள் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பேர் வைத்தார்கள். தைத்துக்கொண்டே அவள் கதை சொல்லுவாள். இரண்டு நைட்ரஜன் மூன்று கையாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் காற்று முழுக்கச் சுற்றுகிற கதை. எத்தனை பேர் வந்தாலும் சளைக்காமல் கை கொடுக்கிற கார்பனின் கதை. அறிவியல் பிசகு இருந்தால் அக்கா கரும்பலகைப் பக்கத்திலிருந்து இருமுவாள். அந்த இருமலைக் கேட்டதும் கதை வேறு பாதையில் திரும்பும்.

ஒரு வியாழன் நான்கு பேர் சேர்ந்து மூன்று பெஞ்சு நீளத்துக்குச் சங்கிலி செய்தார்கள். இருபத்திரண்டு கார்பன். அத்தனை கைக்கும் நாற்பத்தாறு ஹைட்ரஜன் வேண்டும், இருந்ததோ முப்பது. அன்று மாலையே நாலு பேரும் கடைக்கு வந்து, "பட்டன் அக்கா, ஹைட்ரஜன் பத்தல" என்று நின்றார்கள். பஞ்சு அடைக்கும் வேலையை அவர்கள் தலையிலேயே கட்டினாள். மறுநாள் சங்கிலி முடிந்தது. அது என்ன என்று அக்காவிடம் கேட்டார்கள். கிட்டத்தட்ட மெழுகுவர்த்தியின் மெழுகு என்றாள் அவள். பசங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் தாங்கள் மெழுகு செய்த கதையைச் சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் கணக்கு வாத்தியார் ஒருவர் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை. அவருக்கும் பார்வை கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் கைக்குப் பக்கத்து மூட்டையிலிருந்த பந்து ஒன்று தட்டுப்பட்டது. இது என்ன என்று கேட்டார். ஆக்சிஜன் என்றாள். எப்படித் தெரியும் என்றார். சிவப்பாக இருக்குமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. தன் பள்ளியில் வேதியியல் பாடத்தையே எடுத்துவிட்டார்கள் என்றார். எல்லாம் படம், எல்லாம் நிறம். அதனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பதிலுக்கு வேறு பாடம். "வேண்டாம்னு அவங்க சொல்லல. அவங்ககிட்ட யாரும் கேக்கல" என்றார்.

அளவெடுத்த சீட்டை அவள் அன்று மூன்று முறை தப்பாக எழுதினாள். மனசு அதில் இல்லை. பிறகு பத்து நாள் கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்தாள். வழவழப்பான சாட்டினில் சின்னப் பந்து ஹைட்ரஜன் ஆனது. துவாலைத் துணி ஆக்சிஜன். சொரசொரப்பான சாக்குத் துணி நைட்ரஜன். வரி வரியான கார்டுராய் கார்பன். அக்காவையும் கண்ணைக் கட்டி உட்கார வைத்துப் பார்த்தாள். அக்கா சாக்குத் துணியையும் துவாலையையும் மாற்றிச் சொன்னாள். தங்கை துவாலையில் இன்னும் பஞ்சுபஞ்சாக இருக்கிற வேறு துணி தேடினாள்.

கணக்கு வாத்தியாரின் பள்ளித் தலைமை ஆசிரியை தயங்கித்தான் சம்மதித்தார். முதல் நாள் ஏழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆறு பேர் பேசிக்கொண்டே தண்ணீர் செய்தார்கள், காற்று செய்தார்கள். ஏழாவது பெண் மட்டும் எதையும் செய்யவில்லை. வகுப்பிலேயே மூத்தவள். ஒவ்வொரு பந்தாக எடுத்துச் சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்த்துக் கீழே வைத்தாள். அக்காவுக்கு மனசு கனத்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

கடைசியில் அந்தப் பெண் ஒரு கார்பனைத் தூக்கிப் பிடித்தாள். "இதுக்கு அஞ்சு கை இருக்கு. இது எந்த ஊர் கார்பன்?"

அப்படி இருக்க வாய்ப்பே இல்லை என்று பட்டன் அக்கா வாங்கி எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். அப்போதும் ஐந்து. அவசரத்தில் ஒரு பட்டன் கூடுதலாக விழுந்திருக்கிறது. மேசையைச் சுற்றிச் சிரிப்பு கிளம்பியது, அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், ஐந்தாவது கையை யாராவது பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். கார்பன் ஏன் நான்கோடு நிறுத்திக்கொள்கிறது என்று அக்கா சொல்ல ஆரம்பித்தாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பட்டன் அக்காவுக்குப் பழைய பந்துகள் நினைவுக்கு வந்தன. மறுநாள் அக்காவின் பள்ளிக்குப் போய்ப் பழைய கார்பன்களைக் கொட்டி எண்ணினாள். அதிலும் இரண்டுக்கு ஐந்து கை. நாற்பது பிள்ளைகள் இரண்டு மாதமாகக் கண்ணால் பார்த்துப் புழங்கியவை. ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்று அக்கா வகுப்பில் கேட்டாள். முதல் பெஞ்சுக்காரி எழுந்தாள்.

"தெரியும் மிஸ். ஒரு ஹைட்ரஜன் மிஞ்சி விடை இடிக்கும்போது அதுதான் வசதி. அதை எடுக்கத்தான் நாங்க முதல்ல ஓடி வருவோம்."

அக்கா கோபப்பட முயன்றாள், முடியவில்லை. விடை இடிக்கிறது என்று தெரிகிற அளவுக்குத் தேறிவிட்டார்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கையிடம் சொன்னாள்.

மற்ற இரண்டையும் பிரித்துத் தைத்தாயிற்று. கார்டுராய்க் கார்பனை மட்டும் அந்த மூத்த பெண் திருப்பித் தரவில்லை. புதிதாக வகுப்புக்கு வருகிறவர் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பாளாம். தடவிப் பார்த்து வாயைத் திறக்காதவருக்கு ஒரு வாரம் பந்துகளின் பட்டனை எண்ணும் வேலை. அடுத்த வருடம் அவளும் இன்னும் மூன்று பேரும் வேதியியலைப் பாடமாக எடுத்துத் தேர்வு எழுதினார்கள். எழுதலாமா கூடாதா என்று மேலிடத்தோடு கடிதம் கடிதமாக மல்லுக்கட்டியது கணக்கு வாத்தியார். நான்கு பேரும் தேறினார்கள். அவள் எடுத்த மதிப்பெண்ணை அக்கா தன் வகுப்பில் வேண்டுமென்றே இரண்டு முறை வாசித்தாள்.

பட்டன் அக்கா இப்போதும் சீருடைதான் தைக்கிறாள். வேறு ஊர்ப் பள்ளிகளிலிருந்தும் பந்து மூட்டை கேட்டு ஆள் வருகிறது. பக்கத்து மெஷினுக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறாள், அவளுக்குக் கொடுத்த முதல் பாடம் பட்டனை எண்ணுவது.

போன மாதத்திலிருந்து சகோதரிகளுக்குள் உப்பால் சண்டை. உப்பில் கை கோப்பதெல்லாம் கிடையாது. சோடியம் தன்னிடமிருக்கிற எலக்ட்ரான்களில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது, அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன என்றாள் அக்கா. தங்கை சோடியத்துக்கு ஒரு பையும், பைக்குள் எலக்ட்ரானுக்குப் பதில் ஒரு பாசிமணியும் வைத்துத் தைத்தாள். குளோரினுக்கு ஒரு மணி மட்டும் கொள்ளும் காலிப் பை. மணி கை மாறியது. ஆனால் இரண்டும் ஒட்டவில்லை. அதது அதன் பாட்டுக்கு மேசையில் உருண்டது. காந்தம் வை என்கிறாள் அக்கா. காந்தம் வைத்தால் கொடுப்பதற்கு முன்னாலேயே ஒட்டிக்கொள்ளும், அது பொய் என்கிறாள் தங்கை. வெட்டு மேசையில் பாதித் தைத்த சோடியம் ஏழெட்டுக் கிடக்கிறது. கால்சட்டை வாங்க வருகிறவர்கள் அதை நகர்த்திவிட்டுத்தான் அளவு சொல்ல வேண்டியிருக்கிறது.